நலம் விசாரிக்கும் சாஸ்திரம்

சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து தெற்கே காவிரிக்கரை மோகனூர் வரையிலும், கிழக்கே ஆத்தூரிலிருந்து மேற்கே குமாரபாளையம் வரையிலும் பரந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் ஜனங்களின் தொழில்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை முதுகெலும்பின் உழைப்பால் நடப்பவை என்பது புலனாகும். இளம்பிள்ளையிலும் இராசிபுரத்திலும் தறியில் அமர்பவர்கள், பள்ளிபாளையத்து விசைத்தறிகளுக்கிடையே இரவெல்லாம் நின்றும் நடந்தும் அறுந்த இழையை முடிபவர்கள், செவ்வாய்ப்பேட்டையில் சம்மணமிட்டுக் குனிந்து வெள்ளிக் கொலுசு செய்பவர்கள், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கு சுமப்பவர்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகளில் முட்டை அட்டைகளை அடுக்குபவர்கள், திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு வடதேசமெல்லாம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்கள், சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரியையே வீடாகக் கொண்டவர்கள் ஆகிய இவர்களில் பலர், என்றாவது ஒரு நாள், குறுக்குப் பிடித்துக்கொண்டது என்றோ, நரம்பு காலுக்கு இழுக்கிறது என்றோ சொல்லிக்கொண்டு வைத்தியரின் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

குழித்தறியில் இருக்கும் நெசவாளரைச் சற்று அருகே சென்று கவனிப்போம். தரைமட்டத்தில் போட்ட பலகையில் உட்கார்ந்து, கால்கள் இரண்டையும் குழிக்குள் இறக்கி, மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதித்து, ஒரு கையால் நாடாக் கயிற்றைச் சுண்டி, மறு கையால் அச்சை முன்னிழுத்து ஊடையை அடித்து இறுக்குகிறார்; ஒவ்வோர் அடிக்கும் இடுப்புக்கு மேற்பட்ட சரீரம் சிறிது முன்சாய்ந்து மீள்கிறது; முதுகுக்குச் சாய்மானம் ஒன்றும் கிடையாது. சேலம் லீ பஜார் மண்டியில் மூட்டை சுமப்பவரோ, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இருவர் தூக்கிக் கொடுக்கும் மூட்டையைப் பிடரியிலும் தோளிலும் ஏற்றுக்கொண்டு, முழங்கால்களைச் சற்றே மடக்கி, சிறு சிறு அடிகளாக வைத்து லாரியின் தட்டில் ஏறுகிறார். ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆராய்ச்சியாளர் வில்கே என்பவரும் அவருடைய தோழர்களும், ஒருவருடைய இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள, டிஸ்க் எனப்படும் வட்டுக்குள் நுண்ணிய அழுத்தமானியை வைத்து அளந்து 1999இல் வெளியிட்ட கணக்குப்படி, தளர்வாக நிற்கும்போது அரை மெகாபாஸ்கலாக இருக்கும் வட்டின் அழுத்தம், முதுகை வளைத்து 20 கிலோ எடையைத் தூக்கும்போது 2.3 மெகாபாஸ்கலாக உயர்ந்துவிடுகிறது. மூட்டை சுமப்பவர் நாள்தோறும் தம் சரீரத்துக்கு இடும் வேலை இத்தன்மையது.

முதுகுவலி இந்தச் சமவெளிக்கு மட்டும் உரிய உபாதை அன்று. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் அவதிப்பட்டார்கள் என்று உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மனிதர்களை உயிரோடு வைத்தே செயலிழக்கச் செய்யும் நோய்களின் வரிசையில் அதற்கே முதலிடம். இவ்வளவு பேருக்கு வரும் ஒரு நோய்க்கு எந்தச் சிகிச்சை உண்மையில் பலன் தருகிறது என்ற கேள்வி, கேட்பதற்கு எளிது. விடை காண்பதற்கோ மிகக் கடினமானது. அந்த விடையைத் தேடுவதையே தம் ஜீவியத்தின் பெரும் பகுதிக்கு விரதமாகக் கொண்ட எலும்பியல் ரணசிகிச்சை நிபுணர்கள் சிலர் உலகில் உண்டு. அவர்களுள் ஒருவர், சேலத்திலிருந்து சங்ககிரி, பவானி, அவிநாசி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையின் மறுமுனையில், கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் பணிபுரியும் டாக்டர் எஸ். இராஜசேகரன். அவருடைய ஆராய்ச்சிகளின் வழியே இந்தக் கேள்வியைப் பின்தொடர்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

தானே ஆறும் நோயின் சங்கடம்

முதுகுவலிச் சிகிச்சையின் பலனை மதிப்பிடுவது ஏன் கடினம் என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். திடீரென்று பிடித்துக்கொள்ளும் இடுப்பு வலிகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடுகின்றன. வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு இழுக்கும் வலியுங்கூட, பலருக்குச் சில மாதங்களில் அடங்கிவிடுகிறது. பிதுங்கிய பகுதியைச் சரீரமே கரைத்துவிடுவதை அடுத்தடுத்து எடுத்த படங்களில் காணலாம். இத்தகைய நோய்க்கு, வலி உச்சத்தில் இருக்கும் நாளில் யார் எதைச் செய்தாலும், அடுத்த சில வாரங்களில் வரும் சுகத்தின் புகழ் அவருக்கே போய்ச் சேரும். எண்ணெய் போட்டு நீவியவருக்கும், ஊசி போட்டவருக்கும், இடுப்புக்குப் பெல்ட் கட்டியவருக்கும், கத்தி வைத்தவருக்கும் தம் சிகிச்சையே குணப்படுத்தியது என்ற நம்பிக்கை ஏற்படுவது இயல்பு. அவர்களில் எவரும் பொய் சொல்வதில்லை. ஆயினும் அவர்கள் எல்லோருடைய சாட்சியத்தையும் ஒன்றுசேர்த்தாலும் அது நிரூபணம் ஆகிவிடாது.

1934இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மூளை நரம்பு ரணசிகிச்சை நிபுணர் மிக்ஸ்டரும் எலும்பியல் நிபுணர் பாரும், காலுக்கு இழுக்கும் வலிக்கு வட்டுப் பிதுக்கம் காரணமாகலாம் என்றும், அதை வெட்டி அகற்றினால் குணமாகும் என்றும் எடுத்துக் காட்டினார்கள். அன்று முதல் முதுகு ரணசிகிச்சை உலகெங்கும் பெருகியது. ஆனால் ரணசிகிச்சை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஒப்பிடும் காரியம் நடைபெற ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. நார்வே நாட்டு டாக்டர் ஹென்றிக் வெபர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டில் எது உசிதம் என்று துணிய முடியாத 126 நோயாளிகள் அவ்வாறு பிரிக்கப்பட்டார்கள். ஓராண்டின் முடிவில் ரணசிகிச்சை பெற்றவர்கள் மேலான நிலையில் இருந்தார்கள். நான்காம் ஆண்டில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. பத்தாம் ஆண்டிலும் நிலைமை ஏறத்தாழ அதுவே.

இந்த வழியில் மிகப் பெரிய முயற்சியை மேற்கொண்டவர், அமெரிக்காவின் டார்ட்மவுத் மருத்துவ மையத்தைச் சேர்ந்த எலும்பியல் ரணசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் வைன்ஸ்டீன். 11 மாநிலங்களில் 13 மருத்துவ மையங்களை ஒன்றிணைத்து அவர் நடத்திய பரீட்சையின் முதல் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. அதில் ஒரு பெரும் இடையூறு நேர்ந்தது. ரணசிகிச்சைப் பிரிவில் விழுந்தவர்களில் பாதிப் பேர் முதல் மூன்று மாதத்துக்குள் அதைச் செய்துகொள்ளவில்லை. மற்றப் பிரிவில் விழுந்தவர்களில் சுமார் 30 விழுக்காட்டினர் அதே காலத்துக்குள் போய்ச் செய்துகொண்டார்கள். வலியால் துடிக்கும் மனிதரைச் சீட்டின் தீர்ப்புக்குக் கட்டுப்படுத்த இயலாது என்பதை அந்தப் பரீட்சை உலகுக்கு உணர்த்தியது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் 283 நோயாளிகளைக் கொண்டு பியூல் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவான விடையைத் தந்தது: காலுக்கு இழுக்கும் கடும் வலி உள்ளவருக்கு ரணசிகிச்சையைச் சீக்கிரம் செய்தால் சுகம் சீக்கிரம் வருகிறது, பொறுத்திருந்து, வேண்டியபோது மட்டும் செய்தாலும், ஓராண்டின் முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்து சேர்கிறார்கள். ஆகவே நரம்புக்கு ஆபத்து இல்லாதவிடத்து, ரணசிகிச்சை பெரும்பாலும் காலத்தைக் குறித்த தேர்வாகிறது. பொறுத்திருக்கத் தம்மால் இயலுமா, வேலைக்கு எவ்வளவு விரைவில் திரும்பியாக வேண்டும் என்பவற்றை எண்ணி நோயாளியே தீர்மானிக்க வேண்டிய தேர்வாகிறது. தினக்கூலியில் குடும்பம் நடத்தும் லாரிக் கிளீனருக்கும், ஊதியத்தோடு விடுப்பு எடுக்கக்கூடிய உத்தியோகஸ்தருக்கும் இந்தத் தீர்மானம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்க முடியாது.

சென்னையில் வேரூன்றிய வழக்கம்

சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் நோயாளியைத் தேடிப் பிடித்து நலம் விசாரிக்கும் வழக்கம் மேல்நாட்டிலிருந்து இரவல் பெற்றதன்று. தமிழ்நாட்டுக்கு அதில் தனிப்பெருமை உண்டு. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தோன்றிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் படுக்கவைத்துச் சிகிச்சை தருவதையும் வீட்டில் இருந்தபடியே மருந்து உண்பதையும் ஒப்பிட்டு, வீட்டுச் சிகிச்சை எவ்விதத்திலும் குறைந்ததன்று என்று நிறுவியது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே அது மாற்றியது. அதே மையம், பிற்காலத்தில், முதுகெலும்பைத் தாக்கும் காசநோயைப் பற்றியும் இவ்வாறே கேட்டது. முள்ளெலும்பு அரிக்கப்பட்ட நோயாளியை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தவோ, பெரிய ரணசிகிச்சைக்கு உட்படுத்தவோ வேண்டியது அவசியமா, அல்லது நடமாடிக்கொண்டே மருந்து உண்டால் போதுமா? சென்னை அரசு மருத்துவமனைகளின் எலும்பியல் துறைகளோடு சேர்ந்து 304 நோயாளிகளிடம் நடத்திய அந்தப் பரீட்சையின் பத்தாண்டு அறிக்கை 1999இல் வெளியாயிற்று. ஆறு மாதமோ ஒன்பது மாதமோ மருந்து மட்டும் உண்டு நடமாடியவர்களில் மிகப் பெரும்பாலோர் பத்தாண்டுக்குப் பின்னும் நலமாக இருந்தார்கள்.

இராஜசேகரனின் ஆராய்ச்சி வாழ்வு தொடங்கியது இந்தச் சூழலில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் எலும்பியல் பேராசிரியர் டி. கே. சண்முகசுந்தரத்தோடு சேர்ந்து 1987இல் அவர் வெளியிட்ட கட்டுரை, முதுகெலும்புக் காசநோயால் உண்டாகும் கூன் கடைசியில் எவ்வளவு ஆகும் என்பதை முதலிலேயே கணித்துச் சொல்ல முடியுமா என்று ஆராய்ந்தது. அவர்கள் கண்ட சூத்திரம் எளிமையானது: நோயின் தொடக்கத்தில் முள்ளெலும்பின் உடற்பகுதி எவ்வளவு அழிந்திருக்கிறது என்பதை அளந்து, அதை 30.5ஆல் பெருக்கி, 5.5ஐக் கூட்டினால், கூனின் இறுதிக் கோணம் ஏறத்தாழ வந்துவிடும். ஒரு முழு முள்ளெலும்பின் அளவுக்கு அழிவு இருந்தால் கூன் சுமார் 36 பாகை ஆகும். முதல் நாளில் எடுத்த எக்ஸ்ரேயைக் கொண்டே வருங்காலத்தை ஓரளவு அறிந்து, யாருக்குக் கத்தி வேண்டும், யாருக்கு மருந்தே போதும் என்று பிரித்துப் பார்க்கும் வசதியை இந்த எளிய கணக்கு வைத்தியருக்குத் தந்தது.

குழந்தைகளின் விஷயத்தில் அந்தச் சூத்திரம் போதவில்லை. ஏனெனில் குழந்தையின் எலும்பு வளர்ந்துகொண்டே இருப்பது. காசநோய் முற்றிலும் குணமான 61 குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுக் காலம் பின்தொடர்ந்து இராஜசேகரன் 2001இல் எழுதிய ஆய்வைப் படிக்கும்போது, பொறுமை என்ற குணம் விஞ்ஞானத்தில் எவ்வளவு பெரிய கருவி என்பது மனத்தில் பதிகிறது. நோய்க்கிருமி அழிந்த பின்னும் அந்தக் குழந்தைகளின் முதுகு மாறிக்கொண்டே இருந்தது. சுமார் 39 விழுக்காட்டினருக்குக் கூன் வளர வளர அதிகமாயிற்று. சுமார் 44 விழுக்காட்டினருக்குத் தானே குறைந்தது. எஞ்சியவர்களுக்கு மாறாமல் நின்றது. கூன் அதிகமாகப் போகும் குழந்தையை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் நான்கு அடையாளங்களை அவர் எக்ஸ்ரேயில் கண்டறிந்தார். அவற்றைக் கொண்டு, ஆபத்தில் உள்ள குழந்தைக்கு உரிய காலத்தில் ரணசிகிச்சை செய்யவும், மற்றக் குழந்தையை வீணாகக் கத்திக்கு இரையாக்காமல் காக்கவும் முடிகிறது. மருந்து முடிந்த நாளோடு ஏட்டை மூடியிருந்தால், அந்த 61 பேரும் குணமானவர்கள் என்ற ஒரே பட்டியலில் அடங்கியிருப்பார்கள். அவர்களுடைய மூன்று விதமான விதிகளையும் எவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

வட்டின் உணவு

மயக்கமருந்து நிபுணர் டாக்டர் ஜே. ஜி. சண்முகநாதனும் அவருடைய துணைவியார் கனகவல்லி அம்மையாரும் 1978இல் கோவையில் தொடங்கிய கங்கா மருத்துவமனையில், அவர்களுடைய புதல்வர்களுள் ஒருவரான இராஜசேகரன் எலும்பியல், முதுகெலும்புத் துறைகளுக்குத் தலைமை ஏற்ற பின், அவருடைய கவனம் வட்டின் மீது திரும்பியது. இரு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தையாக அமைந்த இந்த வட்டின் நடுவில் கூழ் போன்ற பகுதியும், அதைச் சுற்றி நார் வளையமும், மேலும் கீழும் எலும்பை ஒட்டிய குருத்தெலும்புத் தகடும் இருக்கின்றன. வளர்ந்த மனிதரின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை என்றே சொல்லலாம். அது உயிரோடு இருப்பதற்கு வேண்டிய பிராணவாயுவும் சர்க்கரையும் அந்தத் தகட்டின் வழியே கசிந்து கசிந்து உள்ளே செல்ல வேண்டும். அந்தக் கசிவை உயிருள்ள மனிதரிடத்தில் நேரடியாகப் பார்க்க முடியுமா என்று இராஜசேகரனும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள்.

அவர்கள் கையாண்ட முறை எளிது. காடோலினியம் கலந்த மருந்தை இரத்தத்தில் செலுத்தி, அது எங்கெங்கே, எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது என்பதை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. படமெடுத்துக் கண்டார்கள். எலும்புக்குள் சில நிமிஷங்களில் பரவிவிடும் அந்த மருந்து, ஆரோக்கியமான வட்டின் நடுமையத்தை அதன் முழு அளவில் எட்டுவதற்குச் சுமார் ஆறு மணி நேரம் ஆகிறது. குருத்தெலும்புத் தகடு பழுதுபட்ட இடத்திலோ கசிவின் போக்கே மாறிவிடுகிறது. வட்டு கெடுவதற்கான முதல் காரணம் வட்டின் வாசலிலேயே இருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுவான பிரமாணமாயிற்று. 2004இல் இந்த ஆய்வு, இடுப்பு முதுகெலும்பு ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கத்தின் பரிசைப் பெற்றது.

அதே பரிசை 2013இல் பெற்ற மற்றோர் ஆய்வு, நெடுங்காலமாக நிலவிய ஓர் எண்ணத்தைத் திருத்தியது. வட்டின் நார் வளையம் கிழிந்து, அதன் வழியே நடுக்கூழ் பிதுங்குவதே வட்டுப் பிதுக்கம் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. ரணசிகிச்சை தேவைப்பட்ட 181 நோயாளிகளை எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றாலும், ரணசிகிச்சையின்போது எடுத்த திசுக்களாலும் பரிசோதித்ததில், 117 பேரிடத்தில், அதாவது ஏறத்தாழ 65 விழுக்காட்டினரிடத்தில், குருத்தெலும்புத் தகடு எலும்பினின்றும் பெயர்ந்திருப்பது தெரிந்தது. நோய் எங்கே தொடங்குகிறது என்று திருத்தமாக அறிந்தால்தான், எதைச் செப்பனிட்டால் பலன் கிட்டும் என்று சிந்திக்க முடியும். சிகிச்சைப் பலனைக் கணக்கிடும் சாஸ்திரத்துக்கு நோயின் உடற்கூறு இவ்வாறு அடித்தளமாகிறது.

படமும் வலியும்

இன்று சேலத்திலோ நாமக்கல்லிலோ இடுப்பு வலியோடு வைத்தியரிடம் செல்பவர் பெரும்பாலும் ஸ்கேன் சென்டரின் பெரிய பிளாஸ்டிக் உறையைக் கையில் வைத்துக்கொண்டே வருகிறார். அந்த உறைக்குள் கறுப்புப் படத்தாள்களோடு ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ உள்ள அறிக்கை இருக்கும். ஒவ்வொரு வட்டாகப் பெயர் சொல்லி, இதில் நீர் வற்றியிருக்கிறது, இது புடைத்திருக்கிறது, இங்கே எலும்பு முனை வளர்ந்திருக்கிறது, இங்கே நரம்பின் வழி குறுகியிருக்கிறது என்று அது வரிசையாக அடுக்கும். வைத்தியரைப் பார்ப்பதற்கு முன்பே நோயாளி அதைப் படித்துவிடுகிறார். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளை படித்துச் சொல்கிறது. நாலு டிஸ்க் போய்விட்டது, முதுகு முழுவதும் தேய்மானம், இனி மூட்டை தூக்கினால் கால் விழுந்துவிடும் என்ற பேச்சு வீடு முழுவதும் பரவுகிறது.

இந்த அறிக்கைகளில் எழுதியிருப்பது பொய்யன்று. ஆனால் வலியே இல்லாதவரைப் படமெடுத்தாலும் அதே அறிக்கை வரும் என்பதை அது சொல்வதில்லை. அமெரிக்காவில் ஸ்காட் போடன் முதலியோர் 1990இல், முதுகுவலி என்பதையே அறியாத 67 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அறுபது வயதுக்கு உட்பட்டவர்களிலேயே ஐவரில் ஒருவருக்கு வட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. அறுபதைக் கடந்தவர்களிலோ பாதிக்கு மேற்பட்டோரின் படங்கள் குறையுடையனவாக இருந்தன. பின்னர் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த கட்டுரை, வலியில்லாத இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டில் தேய்வு காணப்படுவதாக மதிப்பிட்டது. பல ஆண்டு கைபட்டுத் தறிமரம் தேய்ந்து வழவழத்திருப்பதைக் கண்டு, தறி பழுதாகிவிட்டது என்று நெசவாளர் எவரும் சொல்வதில்லை. பழகிய சரீரத்தின் படத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

கங்கா மருத்துவமனையில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வை, இராஜசேகரனின் பணிகளுள் சாதாரண ஜனங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியதாக நான் மதிக்கிறேன். நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 44 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். முதற் பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ளவற்றை உள்ளபடி விவரித்தார்கள். இரண்டாம் பிரிவினருக்கு, படம் நன்றாகவே இருக்கிறது, காண்பவை வயதுக்கு ஏற்ற மாறுதல்களே என்று தைரியம் சொன்னார்கள். ஆறு வாரத்துக்குப் பின் விசாரித்தபோது, அறிக்கையை முழுவதும் கேட்ட முதற் பிரிவினர் தங்கள் முதுகைப் பற்றி அதிகப் பயமும், தாழ்ந்த எண்ணமும் கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வலியும் குறைவாகவே தணிந்திருந்தது. அன்றாடக் காரியங்களைச் செய்யும் ஆற்றலும் அவர்களிடத்தில் குறைந்தே இருந்தது.

இதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஒரே படத்துக்கு வழக்கமான அறிக்கையும், இவை வயதோடு வருபவை, இவை கவனிக்க வேண்டியவை என்று தரம் பிரித்து எழுதிய புதுவித அறிக்கையும் தயாரித்து, எது எவருடையது என்று தெரியாதபடி வைத்தியத் துறையினரிடம் கொடுத்தார்கள். வழக்கமான அறிக்கையைப் படித்தவர்கள் நோயைக் கடுமையானதென்று எண்ணினார்கள். ரணசிகிச்சை தேவைப்படும் என்ற எண்ணமும் அவர்களிடத்தில் மிகுந்திருந்தது. நோயாளியைக் கலக்கும் சொற்கள், தேர்ந்த நிபுணரின் தீர்மானத்தையும் சாய்த்துவிடுகின்றன என்பது இதனால் ஏற்பட்ட அரிய படிப்பினை. சொல்லும் முறையும் சிகிச்சையின் ஓர் அங்கம் என்று நம் பெரியவர்கள் அநுபவத்தால் அறிந்திருந்ததை, எண்களால் அளந்து காட்டும் நிலைக்கு இந்த ஆய்வு கொண்டுவந்திருக்கிறது.

லாரிக்காரரின் முதுகு

நாமக்கல் லாரிக்காரர் ஒருவர் தம் இடுப்பு வலிக்கு, ஆயிரக்கணக்கான மைல் ஓட்டிய ஓட்டமே காரணம் என்றும், ரோட்டின் குலுக்கலே டிஸ்க்கைத் தின்றுவிட்டது என்றும் சொன்னால், அதை மறுப்பவர் இருக்க மாட்டார். ஆனால் பின்லாந்தில் இதை மிக நுட்பமாகப் பரீட்சித்தார்கள். ஒரே கருவில் தோன்றிய இரட்டைச் சகோதரர்களில், ஒருவர் வாழ்நாள் முழுவதும் வண்டி ஓட்டியும் மற்றவர் மிகக் குறைவாக ஓட்டியும் இருந்த 45 ஜோடிகளைத் தேர்ந்து, இருவருடைய முதுகையும் எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டார்கள். 2002இல் லான்செட் பத்திரிகையில் வெளியான முடிவுப்படி, ஓட்டுநரின் வட்டு, ஓட்டாத சகோதரரின் வட்டைவிட அதிகம் கெட்டிருக்கவில்லை. வட்டின் தேய்வில் பரம்பரைக்கு உள்ள பங்கு, தொழிலுக்கு உள்ள பங்கைவிடப் பெரிது என்பதை அந்த இரட்டையர் ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவந்தன. இராஜசேகரனின் குழுவும் இந்திய நோயாளிகளிடத்தில் வட்டுத் தேய்வுக்கும் மரபணுக்களுக்கும் உள்ள தொடர்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறது.

இதனால் ஓட்டுநரின் வலி கற்பனை என்றோ, அவருடைய இருக்கையைச் சீர்திருத்த வேண்டாம் என்றோ யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. பதினான்கு மணி நேரம் ஒரே நிலையில் அமர்ந்து, தூக்கம் கெட்டு, நேரத்துக்கு உணவின்றி, சரக்கு தாமதமானால் என்ன ஆகுமோ என்ற கவலையோடு ஓட்டுபவருக்கு வலி வருவதற்கு வட்டு கெட வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து எலும்பியல் ரணசிகிச்சை நிபுணர் கார்டன் வாடெல், 1987இலேயே, முதுகுவலியைச் சரீரம், மனம், சமூக வாழ்வு மூன்றும் கலந்ததாகப் பார்க்க வேண்டும் என்றும், ஓய்வைக் குறைத்து நடமாட்டத்தைக் கூட்ட வேண்டும் என்றும் வாதாடினார். அவர் சொன்னதைப் பின்வந்த பரீட்சைகள் ஆதரித்தன. படுத்துக் கிடப்பவரைவிட, வலியோடு கூடியேனும் அன்றாட வேலையைத் தொடர்பவர் விரைவில் தேறுகிறார். உன் முதுகு நொறுங்கிவிடவில்லை, நீ நடக்கலாம், ஓட்டலாம், இடையிடையே வண்டியை நிறுத்தி இறங்கி உடம்பை நிமிர்த்து என்று சொல்லும் வைத்தியர், அவருடைய பிழைப்பையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்.

எதை அளப்பது?

நலம் விசாரிப்பது சாஸ்திரமாக வேண்டுமானால், எதைக் கேட்பது என்பதில் ஒழுங்கு வேண்டும். இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரில் உருவாகி 1980இல் வெளியான வினாப்பட்டியல் இதற்காக உலகெங்கும் வழங்குகிறது. வலியின் கடுமை, குளித்து உடுத்திக்கொள்ளுதல், எடை தூக்குதல், நடத்தல், உட்காருதல், நிற்றல், உறங்குதல், தாம்பத்தியம், நாலு பேரோடு பழகுதல், பிரயாணம் என்ற பத்துத் தலைப்புகளில், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டு, மொத்தத்தை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். 2014இல் இந்தப் பட்டியல் தமிழில் முறையாகப் பெயர்க்கப்பட்டு, தமிழ் நோயாளிகளிடத்தில் நம்பத்தகுந்ததாக நிறுவப்பட்டிருக்கிறது. இதன் சிறப்பு, படத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இதில் இல்லாமையே. மூட்டை தூக்க முடிகிறதா, தறியில் உட்கார முடிகிறதா, இரவில் தூக்கம் வருகிறதா, மோகனூருக்குப் பஸ்ஸில் போய்வர முடிகிறதா என்பவையே சிகிச்சையின் பலனைத் தீர்மானிக்கும் கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்லும் அதிகாரம் நோயாளி ஒருவருக்கே உண்டு.

ரணசிகிச்சை என்றாலே அஞ்சி ஒதுங்கவேண்டும் என்று இந்த அத்தியாயம் சொல்வதாகக் கொள்ளுதல் பிழையாகும். சிறுநீரோ மலமோ தன் வசத்தில் இல்லாமற் போதல், இருக்கையில் அமரும் பகுதியில் மரத்துப் போதல், பாதம் தூக்க முடியாமல் தொங்குதல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகுவலியும், முன்னர்ப் புற்றுநோய் வந்தவருக்கு ஏற்படும் முதுகுவலியும், விழுந்து அடிபட்டபின் நீடிக்கும் வலியும் உடனே பரிசோதிக்கப்பட வேண்டியவை. இந்த அபாயக் குறிகள் உள்ள சிலரை நேரத்தில் கண்டறிவதும், அவை இல்லாத பலரை வீண் பயத்தினின்றும் விடுவிப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள்.

சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லில் 2022இல் மற்றொன்று திறக்கப்பட்டது. தறியும் லாரியும் மூட்டையும் கோழிப்பண்ணையும் நிறைந்த இந்த இரு மாவட்டங்களின் மருத்துவமனைகளில், முதுகுவலிக்கென்று வருபவர் ஒவ்வொருவருடைய கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொண்டு, ஆறு வாரத்திலும், ஓராண்டிலும், ஐந்தாண்டிலும் அந்தப் பத்துக் கேள்விகளைத் தமிழில் கேட்டுப் பதிவு செய்துவந்தால், அதற்குப் பெரிய இயந்திரமோ பெரும் பொருளோ வேண்டியதில்லை. சிரத்தையுள்ள சில ஊழியர்களும், தம் சிகிச்சையின் தோல்விகளையும் அறிந்துகொள்ளத் துணியும் வைத்தியர்களுமே வேண்டும். நெசவாளரின் முதுகுக்கு எது நல்லது, சுமைதூக்குபவர் எப்போது வேலைக்குத் திரும்பலாம், எந்த ஊசியும் எந்தப் பெல்ட்டும் வீண் செலவு என்பவற்றுக்கு நார்வேயிலிருந்தும் டார்ட்மவுத்திலிருந்தும் வரும் விடை நமக்கு வழிகாட்டலாமே தவிர, நம் ஊர்த் தொழிலுக்கும் கூலிக்கும் உரிய முழு விடை ஆகாது. அதுவரையில் நோயாளி செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரணசிகிச்சையையோ விலையுயர்ந்த ஊசியையோ சிபாரிசு செய்யும் வைத்தியரை நோக்கி, இதைச் செய்துகொண்ட உங்கள் நோயாளிகள் ஓராண்டுக்குப் பின் எப்படி இருக்கிறார்கள், செய்துகொள்ளாதவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மரியாதையோடு கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கும் வைத்தியரை நம்பலாம். கேட்டபின் விடை தேடப் புறப்படும் வைத்தியரையும் நம்பலாம்.